டிலனின் குரல் – கடிதம்

அன்புள்ள சார்,

நோபல் பரிசுக்குப் பிறகுதான் பாப் டிலனின் பாடல்வரிகளை வாசிக்க ஆரம்பித்தேன். வரிகள் பிடித்துப்போய்ப் பாட்டுகளைத் தேடிக் கேட்டால் அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை. மூக்கால் பாடுகிறார், இழுக்கிறார், சுருதியில் நிற்பதே இல்லை. அதே பாட்டை பேர்ட்ஸ் குழு பாடினால் ரசிக்க முடிகிறது. எங்கள் நண்பர் வட்டத்தில் இதை வைத்து இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு இதைவிட்டால் குரலே இல்லை. மற்ற கட்சி, பெரிய ஆள் என்பதால் எல்லோரும் ரசிப்பதாக நடிக்கிறார்கள் என்கிறது. அவருக்குப் பாடத் தெரியுமா, தெரியாதா? எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்? இன்னொன்று: கிடார் கற்கும் என் மகன், வயது பதினேழு, டிலன் மாதிரி பாடுகிறேன் என்று தொண்டையை இறுக்கிக் கரகரவென்று பாடுகிறான். விடலாமா?

ஆர்.,
மதுரை


அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர்களின் சண்டை டிலனின் மேடை வாழ்க்கை அளவுக்கே பழையது. 1961 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸில் ராபர்ட் ஷெல்டன் எழுதிய மதிப்புரைதான் அவரை வெளியுலகுக்குக் காட்டியது. அந்தப் பாராட்டுரையிலேயே, இந்தக் குரலில் அழகென்று சொல்ல எதுவும் இல்லை, உமியும் பட்டையும் நீக்காத சுரங்கள் என்றுதான் ஷெல்டன் எழுதினார். 1965இல் ஆங்கிலக் கவிஞர் ஃபிலிப் லார்கின் அதைக் கரையும் குரல், ஏளனக் குரல் என்றார். மறுபக்கம், சிறந்த ராக் ஆண்குரலுக்கான கிராமி விருது அவருக்கு 1980இலும் 1998இலும் கிடைத்தது. ரோலிங் ஸ்டோன் இதழ் 2008இல் வெளியிட்ட நூறு பாடகர் பட்டியலில் அவருக்கு ஏழாவது இடம். அறுபது வருடமாக இவ்வளவு பேர் நடித்துக்கொண்டிருக்க முடியாது. பிடிக்காதவர்களும் காது கேளாதவர்கள் இல்லை. இரு தரப்பும் ஒரே குரலில் வெவ்வேறு விஷயங்களைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

பாடத் தெரியுமா என்றால், தெரியும். மினசோட்டாவில் 1960இல் பதிவான நாடாக்களில் இருப்பது மென்மையான, கிட்டத்தட்ட இனிமையான குரல். மறுவருடம் நியூயார்க்குக்கு வந்தபோது அது போய்விட்டது. நாட்டுப்பாடகர் உட்டி கத்ரியின் ஓக்லஹாமா உச்சரிப்பும் பழைய ப்ளூஸ் பாடகர்களின் கரகரப்பும் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டன. இருபது வயதுப் பையன் அறுபது வயதுக் கிழவரின் தொண்டையை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டான். பிறகு 1969இல் 'நாஷ்வில் ஸ்கைலைன்' ஆல்பத்தில் உருண்டு திரண்ட, குழைவான குரலில் பாடி எல்லோரையும் திகைக்க வைத்தார். சிகரெட்டை விட்டதுதான் காரணம் என்று அப்போது ஒரு பேட்டியில் சொன்னார். அது பாதிக் காரணமாக வேண்டுமானால் இருக்கலாம். அந்தக் குழைவு 1960 நாடாவிலேயே இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், கரகரப்பு அவர் தேர்ந்துகொண்ட ஒன்று என்பது விளங்கிவிடும்.

ஆரம்பத்தில் அவரிடம் உண்மையாகவே இல்லாதது மைக் பழக்கம். 1961 நவம்பரில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த ஜான் ஹாமண்ட், இந்தப் பையன் ஒவ்வொரு 'ப'வையும் வெடிக்கிறான், ஒவ்வொரு 'ஸ'வையும் சீறுகிறான், மைக்கை விட்டு அலைந்துகொண்டே இருக்கிறான் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். 'ப' சொல்லும்போது உதட்டிலிருந்து வரும் காற்று நேராக மைக்கின் தகட்டில் மோதினால் 'தொப்' என்று ஒரு அதிர்வு பதிவாகும். பயிற்சியுள்ளவர்கள் தலையை லேசாகத் திருப்பிக்கொள்வார்கள். டிலன் கழுத்தில் ஹார்மோனிகாத் தாங்கி, கையில் கிடார், ஒரே மூச்சில் மூன்று வேலை. குரலை மட்டும் தனியாகத் திருத்திப் பாடவும் வழியில்லை, கிடாரும் ஹார்மோனிகாவும் குரல் மைக்கிலேயே கலந்து விழுந்திருக்கும். முதல் இரண்டு ஆல்பங்களில் உங்களை உறுத்துவதில் ஒரு பங்கு இது.

இனி மூக்கு. உங்கள் மகனை டிலன் மாதிரி ஒரு வரி பாடச் சொல்லி, நடுவில் மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சத்தம் அடைத்துப்போனால் அது மூக்கொலி. அப்படியே தொடர்ந்தால் அது மூக்கிலிருந்து வரவில்லை, குரல்நாணுக்குச் சற்று மேலே தொண்டைக்குழியைக் குறுக்குவதால் வருகிறது. டிலனிடம் இரண்டும் உண்டு. ஆனால் காதைக் குத்துவது பெரும்பாலும் இரண்டாவதுதான். அப்படிக் குறுக்கும்போது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஒலி கூர்மையாக ஏறும். மனிதக் காது மிக நுட்பமாக உணரும் பகுதியும் ஏறத்தாழ அதுவே. மைக் சரியில்லாத, கூட்டம் பேசிக்கொண்டே இருக்கும் காபிக்கடையில் பாடுகிறவனுக்கு இது பெரிய வரம். வீட்டில் ஒரு மணிநேரம் கேட்கிறவருக்குக் களைப்பு.

நீங்கள் கைபேசி ஸ்பீக்கரில் கேட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். பேச்சில் ஆண்குரலின் அடிச்சுருதி சுமார் 100 முதல் 150 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கரில் 300க்குக் கீழே மிகக் குறைவாகத்தான் வரும். நெஞ்சுப் பகுதி முழுக்கப் போய், கூர்மை மட்டும் மிஞ்சும். நல்ல ஹெட்போனில் கேளுங்கள். ஈக்வலைசர் இருந்தால் 3,000 ஹெர்ட்ஸ் அருகே இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள். அறுபதுகளின் ஆல்பங்களுக்கு, 2010இல் தொகுப்பாக வந்த மோனோ பதிவுகளை, அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல் ஒரே தடத்தில் ஒலிப்பவற்றை, தேடிக் கேளுங்கள். அந்தக் காலத்தில் மோனோ கலவைக்குத்தான் அக்கறை எடுத்தார்கள். குரலும் கிடாரும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கும்.

சுருதி விஷயத்தில் உங்கள் குற்றச்சாட்டு பாதி சரி. அவர் ஒரு சுரத்தைக் கீழிருந்து வழுக்கிப் பிடிப்பார், பிடித்ததும் விட்டுவிடுவார். நிற்க வேண்டிய இடத்தில் நிற்பார். பியானோச் சுரங்களை வைத்து அளப்பவருக்கு இது தடுமாற்றமாகப் படும், நம் காதுக்கு அவ்வளவு அந்நியமாக இருக்கத் தேவையில்லை. 1976இல் வந்த 'டிசையர்' ஆல்பத்தில் 'ஒன் மோர் கப் ஆஃப் காஃபி' என்ற பாட்டைக் கேளுங்கள். ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று படியிறங்கும் கார்டுகள், மேலே ஸ்கார்லெட் ரிவேராவின் வயலின். ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரல் அசைந்து, சுழன்று இறங்குகிறது. சுருதி தெரியாதவரால் இந்த அசைவைச் செய்யவே முடியாது. அதே ஆல்பத்தில் உடன்பாடிய எமிலூ ஹாரிஸ், டிலனின் வாயையே பார்த்துக்கொண்டு பாடியதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த சொல்லை எங்கே போடுவார் என்று தெரியாததால். சில இடங்களில் எமிலூவின் குரல் கால் மாத்திரை பின்தங்குவது பதிவிலேயே கேட்கும்.

அந்த 'எங்கே போடுவார்' என்பதில்தான் டிலனின் பாட்டு முழுக்க இருக்கிறது. எடுப்பு என்பது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். தாளத்துக்கு முன்பா, பின்பா என்பதை வைத்து நம் பாட்டுக்காரர்கள் அதை அதீதம், அனாகதம் என்று பிரிப்பார்கள். டிலன் ஒரே வரிக்குள் அதைச் செய்துகொண்டே போவார். 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டின் முதல் வரியில் 'டைம்' (time), 'ஃபைன்', 'டைம்' (dime), 'ப்ரைம்' என்று நான்கு இயைபுகள். மற்ற சொற்களைக் கடகடவென்று கொட்டிவிட்டு அந்த நான்கின் மேலும் அடி விழுகிற மாதிரி பாடுகிறார். பிறகு ஒரு இடைவெளி. அதன்பின் 'டிட்ன்ட் யூ' என்று இழுக்கிறார். அந்த 'யூ'வில்தான் பாட்டின் மொத்த வன்மமும். குழைவான குரல்காரர் சொற்களைச் சேர்த்துக் கோத்துவிடுவார், இடைவெளி போய்விடும், வன்மமும் போய்விடும். 1965 ஜூன் 15 அன்று இதே பாட்டை மூன்றடித் தாளத்தில் முயன்றார்கள். அந்தத் துண்டு 1991இல் வெளியான தொகுப்பில் கிடைக்கிறது. குரல் அதே குரல், சொற்கள் பெரும்பாலும் அதே சொற்கள், ஆனால் பாட்டு நொண்டுகிறது. மறுநாள் நான்கடிக்கு மாற்றியதும் சொற்களுக்கு உட்கார இடம் கிடைத்தது.

பேர்ட்ஸ் உங்களுக்கு ஏன் எளிதாக இருக்கிறது என்பதற்கும் இதுவே பதில். 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டை எடுத்து, தாளத்தை மாற்றி, நான்கு சரணங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு தந்திக் கிடாரோடு அடுக்குக் குரலில் பாடினார்கள். இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. அருமையான பதிவு, ரசியுங்கள். ஆனால் டிலன் ஐந்தரை நிமிடம் பாடிய பாட்டில் தூக்கம் வராத ஒருவன் விடியும்வரை புலம்புகிறான். அந்த ஆளுக்கு அடுக்குக் குரல் பொருந்தாது. 'டிலனை டிலன் மாதிரி யாரும் பாடுவதில்லை' என்று கொலம்பியா கம்பெனி அறுபதுகளில் விளம்பரம் செய்தது வியாபாரத்துக்காக என்றாலும், வாசகம் சரியானது.

குரலுக்குப் பாட்டை அளவெடுத்துத் தைப்பது என்றால் என்ன என்று துல்லியமாகக் காட்டும் ஒரு பதிவு உண்டு. 'டாங்கிள்ட் அப் இன் ப்ளூ' பாட்டை முதலில் 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் பதிவு செய்தார், தாழ்ந்த குரலில், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. டிசம்பரில் மினியாபொலிஸில் உள்ளூர்க் கலைஞர்களோடு மறுபடியும் பாடினார். முதலில் ஜி சுருதியில் வாசித்தபோது சப்பென்று இருந்தது. கிடார் வாசித்த கெவின் ஓடகார்ட், ஏ சுருதிக்கு ஏற்றலாமே என்றார். ஒரு முழுப் படி, இரண்டு ஃப்ரெட். அவ்வளவு ஏற்றியதும் வரிமுடிவுகளில் டிலன் எம்பிப் பிடிக்க வேண்டியதாயிற்று. 'ப்ளட் ஆன் தி டிராக்ஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டில் கேட்கும் அவசரமும் மூச்சுமுட்டலும் அங்கிருந்து வந்தவை. சௌகரியமான சுருதியில் பாடியிருந்தால் குரல் இன்னும் 'நன்றாக' இருந்திருக்கும், பாட்டு செத்திருக்கும்.

எனவே என் அளவுகோல் ஒன்றுதான்: சொல் வந்து சேர்கிறதா? இந்த அளவுகோலில் டிலன் தோற்ற இடங்களும் உண்டு, அவற்றை ரசிகர்கள் மூடி மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1991 கிராமி மேடையில் 'மாஸ்டர்ஸ் ஆஃப் வார்' பாடியபோது என்ன பாட்டு என்றே பலருக்குப் பிடிபடவில்லை. 1988 ஜூனில் தொடங்கிய இடைவிடாத பயணத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய நூறு கச்சேரி. எந்தத் தொண்டையும் தேயும். 2000க்குப் பிறகு சில வருடங்கள், எந்த வரியாக இருந்தாலும் கடைசி அசையை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிவிடும் பழக்கம் தொற்றிக்கொண்டது. ரசிகர்களே அதற்கு 'அப்சிங்கிங்' என்று பெயர் வைத்து நொந்துகொண்டார்கள். அர்த்தம் பார்த்து அழுத்தம் தருகிற பாடகர், அர்த்தத்தைப் பார்க்காமல் அழுத்தினால் மிஞ்சுவது வெறும் வழக்கம்தான். கரகரப்பை மன்னிக்கிறேன், இதை மன்னிக்க முடியவில்லை.

அதிலிருந்து மீண்டது எப்படி என்பது சுவாரஸ்யமானது. 2015இல் வந்த 'ஷாடோஸ் இன் தி நைட்' ஆல்பத்தில், அமெரிக்கப் பாடகர் ஃப்ராங்க் சினாட்ரா முன்பு பாடிய பத்துப் பாட்டுகளைச் சின்னக் குழுவோடு, ஹெட்போன் இல்லாமல், எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து நேரடியாகப் பதிவு செய்தார். ஹெட்போன் இல்லாவிட்டால் பக்கத்து வாத்தியம் கேட்கும் அளவுக்கு மெதுவாகப் பாடித்தான் ஆகவேண்டும். எழுபது வயதைத் தாண்டியவர் நீளமான சுரங்களை அழுத்தாமல் நிறுத்துகிறார். 2020இல் வந்த 'ரஃப் அண்ட் ரவுடி வேஸ்' ஆல்பத்தில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து விழுவதற்கு இந்தப் பாட்டுகளில் பழகிய வருடங்கள் முக்கியக் காரணம் என்பது என் துணிபு.

நீங்கள் தொடங்க வேண்டியது 'ஒன் மோர் கப் ஆஃப் காஃபி'யில். பிறகு 'ப்ளட் ஆன் தி டிராக்ஸ்' முழுதும். வரிகளை முன்கூட்டியே ஒருமுறை வாசித்துவிட்டுக் கேட்கும்போது மூடி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கண் முன்னால் ஓடும், குரல் பின்னால் வரும், இரண்டும் ஒட்டாது. அடுத்து 1997இன் 'டைம் அவுட் ஆஃப் மைண்ட்' ஆல்பத்திலிருந்து 'நாட் டார்க் யெட்'. தயாரிப்பாளர் டேனியல் லன்வாவின் எதிரொலிகள் குரலைப் புகைமூட்டமாக்குகின்றன என்று பட்டால், 2023இல் அந்த ஆல்பத்தின் மறுகலவை வந்திருக்கிறது, குரல் பக்கத்தில் கேட்கும். 1963, 64 பாட்டுகளுக்குக் கடைசியாகப் போகலாம். சமீபத்திய கச்சேரிக் காணொளிகளைக் கைபேசியில் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் பிடிக்காவிட்டால் பேர்ட்ஸோடு இருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

மகன் விஷயம். அப்படிப் பாட விடாதீர்கள். கரகரப்புக்காகத் தொண்டையை இறுக்கும்போது குரல்நாண்களுக்கு மேலே உள்ள மடிப்புகளும் சேர்ந்து நெருக்கும், குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதும். தினமும் இது நடந்தால் மோதும் இடத்தில் காய்ப்பு மாதிரி சிறு முடிச்சு விழலாம். பாடி முடித்த மறுநாள் காலை குரல் கம்மியிருந்தாலோ, அடிக்கடி தொண்டையைச் செரும வேண்டியிருந்தாலோ அளவுக்கு மீறிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

டிலனிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது எடுப்பை. ஒரு சரணத்தை முதலில் கிடார் இல்லாமல் பேசச் சொல்லுங்கள், யாரிடமோ சண்டை போடுகிற மாதிரி. எந்தச் சொல்லில் தானாக அழுத்தம் விழுகிறதோ அதைப் பென்சிலால் குறிக்கட்டும். பிறகு அதே அழுத்தத்தோடு தன் சொந்தக் குரலில் பாடட்டும். உச்ச சுரத்தைப் பேச்சுச் சத்தத்திலேயே தொட முடிகிற சுருதியாக இருக்கட்டும். முடியவில்லை என்றால் ஏயில் வாசிக்கும் பாட்டை ஜிக்கு இறக்கினால் போதும்.