அம்மா எங்கே நிற்கிறாள்?

கேள்வி: செல்போனில் குறும்படம் எடுக்கிறேன். சமையலறையில் அம்மாவும் மகனும் சண்டை போடும் காட்சி முழுக்க க்ளோஸ்-அப். பார்த்தவர்கள் ‘மூச்சு முட்டுது’ என்கிறார்கள். நடிப்பு சரியில்லையா?
— கல்லூரி மாணவி, பெரம்பூர்

நடிப்பு மேல் பழி போடாதீர்கள் தங்கச்சி. அம்மா எங்கே நிற்கிறாள், மகன் எங்கே நிற்கிறான் என்று நீங்கள் காட்டவே இல்லை. முதலில் ஒரு லாங் ஷாட் வையுங்கள்: அடுப்படியில் அவள், வாசற்படியில் பையோடு அவன், நடுவில் விசிலடிக்கும் குக்கர். அப்புறம் இடுப்பு வரை தெரிகிற மிட் ஷாட். அதில்தான் அவள் கரண்டியை இறுக்கிப் பிடித்திருப்பது தெரியும். வாக்குவாதத்துக்கு சஜஷன், அதாவது அவன் தோள் ஓரமாகத் தெரிய அவள் முகம். “போ, போயிடு” என்று அவள் சொல்கிற அந்த ஒரு வசனத்துக்கு மட்டும் க்ளோஸ் போங்கள்.

இன்னொன்று. போனின் மெயின் லென்ஸ் வைடு, அகலமாகப் பார்க்கிற லென்ஸ். முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடிவிடும். மூச்சு முட்டுவதில் பாதி அதனால்தான். நாலடி தள்ளி நின்று டூ எக்ஸ் ஜூம் போடுங்கள்.

க்ளோஸ்-அப் என்றாலே எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும். ஃபிலிம் காலத்தில் நான் ஃபோகஸ் புல்லர், அதாவது ஷாட் ஓடும்போது லென்ஸின் ஃபோகஸைப் பார்த்துக்கொள்கிற ஆள். ஒரு நாள் 85 எம்எம் லென்ஸ், அதன் துவாரம் (அபர்ச்சர்) 2.8, டேப் பிடித்து நாலடி அளந்து வைத்திருந்தேன். ஃபோகஸ் நிற்கிற இடமே ஓர் அங்குலம் சொச்சம். நடிகை அழுகிற வேகத்தில் லேசாக முன்னால் சாய்ந்துவிட்டார். கண் அவுட் ஆஃப் ஃபோகஸ், காதுக் கம்மல் பளிச்! எடுத்த ஃபிலிமைக் கழுவி ரஷ் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. அதற்குள் செட்டைப் பிரித்தாகிவிட்டது. அந்த ஷாட் இன்றைக்கும் படத்தில் இருக்கிறது. டிவியில் வந்தால் சேனலை மாற்றிவிடுவேன்.

கேள்வி: மிட் ஷாட்டில் ஆளை எங்கே வெட்டுவது?
— வாசகர், தண்டையார்பேட்டை

மூட்டில் வெட்டாதீர்கள். முழங்கால், மணிக்கட்டு, கணுக்கால் மேல் ஃபிரேம் ஓரம் விழுந்தால் உறுப்பே துண்டான மாதிரி இருக்கும். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே மிட். நெஞ்சுக்கு மேலே மிட் க்ளோஸ். தோளுக்கு மேலே க்ளோஸ். தொடையோடு நிறுத்தினால் அமெரிக்கன் ஷாட். கௌபாயின் இடுப்புத் துப்பாக்கி தெரிய வேண்டுமே! வேட்டியை மடித்துக் கட்டுகிற நம்மூர் ஹீரோவுக்கு அது போதாது, இன்னும் கீழே இறங்க வேண்டும்.

கேள்வி: ஜூம் இருக்கும்போது ட்ராலி எதற்கு?
— வாசகர், ஆவடி

மெரினாவில் உழைப்பாளர் சிலைக்குப் போங்கள். நின்ற இடத்திலிருந்தே ஜூம் செய்தால் நாலு பேர், பாறை, பின்னாலிருக்கும் விளக்குக் கம்பம் எல்லாம் ஒரே விகிதத்தில் பெரிதாகும். நடந்து நெருங்கினால், அதாவது கேமராவை வண்டியில் வைத்துத் தள்ளும் ட்ராலி மாதிரி, சிலை கிடுகிடுவென வளரும், தூரத்துக் கம்பம் அவ்வளவாக அசையாது. ஜூமையும் ட்ராலியையும் எதிரெதிராகச் செய்துதான் 1958இல் ‘வெர்டிகோ’ படத்தில் இயக்குநர் ஹிட்ச்காக் தலைசுற்றலைக் காட்டினார். காலையில் போகாதீர்கள், சூரியன் கடல் பக்கம் இருக்கும், ரோட்டிலிருந்து எடுத்தால் நாலு பேரும் கறுப்பாகத்தான் விழுவார்கள்.