கவுன்சலிங் முதுகலை: சேரும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: வணிகவியல் பட்டம் முடித்து எட்டு வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உளவியல், கவுன்சலிங்கில் முதுகலை படித்து ஆலோசகராக ஆசை. முழுவதும் இணையவழியில் நடக்கும் படிப்பில் சேரலாமா?

பதில்: பாடம் இணையத்தில் நடப்பதில் தவறில்லை. களப்பயிற்சியும் இணையத்திலேயே முடிந்துவிடுகிறதா என்றுதான் பாருங்கள். அமெரிக்காவில் கவுன்சலிங் படிப்புகளை அங்கீகரிக்கும் கேக்ரெப் அமைப்பு, முதலில் 100 மணி நேரப் பயிற்சி, பிறகு 600 மணி நேர இன்டர்ன்ஷிப் கேட்கிறது. இந்த 600-இல் குறைந்தது 240 மணி நேரம் உதவி தேடி வந்தவரோடு நேரடியாகப் பேசியதாக இருக்க வேண்டும். மீதி நேரம் குறிப்பெழுதவும், மேற்பார்வையாளரிடம் பேசவும், அலுவல்களுக்கும் போகும். எந்த நாட்டில் படித்தாலும் இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே கல்லூரியிடம், “மொத்தப் பயிற்சி எத்தனை மணி?” என்பதோடு நிறுத்தாமல், “அதில் நேரடி அமர்வு எத்தனை?” என்றும் கேளுங்கள். பயிற்சிக்கான இடத்தை யார் பிடித்துத் தருவார்கள் என்பது அடுத்தது. “நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்றால் எச்சரிக்கையாக இருங்கள். பாடமெல்லாம் முடிந்தும் இடம் கிடைக்காமல் பலரின் பட்டம் தள்ளிப்போவது இங்கேதான். கவுன்சலிங் மையங்கள் பெரும்பாலும் பகலில் இயங்குவதால், வேலையை விடாமல் இதை முடிப்பது கடினம். விடுப்பா, பகுதி நேரமா என்று இப்போதே திட்டமிடுங்கள்.

மேற்பார்வை எப்படி நடக்கிறது என்றும் விசாரியுங்கள். உதவி தேடி வந்தவரின் சம்மதத்தோடு அமர்வைப் பதிவுசெய்து, மேற்பார்வையாளர் அதைக் கேட்டுத் திருத்துவதே நல்ல முறை. மாணவர் சொல்வதை மட்டும் கேட்டால் பிழைகள் தப்பிவிடும். அவசரப்பட்டு அறிவுரை சொல்வது, “ஏன்? ஏன்?” என்று குடைவது, மௌனம் வந்தவுடன் அதை நிரப்பப் பேசுவது ஆகியவற்றைச் செய்தவரே கவனித்திருக்க மாட்டார்.

எட்டு வருடம் கணக்கோடு பழகிய உங்களுக்குப் புள்ளியியலும் ஆய்வேடும் பெரிய தடையாக இருக்காது. பிற துறையிலிருந்து வருவோர் பலர் தடுமாறுவது அங்கேதான். இளங்கலையில் உளவியல் படிக்காதவர்களுக்குச் சில இடங்களில் முன்தேவைப் பாடங்கள் உண்டு. அதற்கான காலத்தையும் கணக்கில் சேருங்கள்.

கட்டணம் கட்டும் முன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். எந்த ஊரில் தொழில் செய்யப்போகிறீர்களோ, அங்கே உரிமம் வழங்கும் அமைப்பிடம் இந்தப் பட்டம் செல்லுமா என்று எழுதிக் கேளுங்கள். கல்லூரி விளம்பரம் அதற்கு ஈடாகாது. மனநலக் கோளாறுகளைக் கண்டறிந்து உளவியல் சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆவதற்கான பயிற்சி வேறு. மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை.

கேள்வி: எனக்கே முன்பு மன அழுத்தம் இருந்தது. இதைப் படிக்கலாமா?

பதில்: தாராளமாகப் படிக்கலாம். ஆனால் குணமாவதற்காகச் சேராதீர்கள். வகுப்பில் மூவர் மூவராக அமர்ந்து பயிற்சி செய்யும்போது சொந்தக் கதை வெளியே வரும். ஆறாத புண் கிளறப்படும். எதிரே இருப்பவரும் உங்களைப் போல் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர், அவரால் அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது. சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் அதை நிறுத்தாமல் சேருங்கள். பிறகு வேலையில், தன் துயரத்தைப் போன்ற ஒன்றை உதவி தேடி வந்தவர் சொல்லும்போது, அதை மேற்பார்வையாளரிடம் மறைக்காமல் பேசுகிறவரே பாதுகாப்பாக வேலை செய்வார்.