அம்மம்மாவின் கதைகளைப் பதிய எந்த ரெக்கோடர்?

தம்பி, அம்மம்மா கதை சொல்லும்போது போனில் அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகிறது, மலிவாக என்ன ரெக்கோடர் வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். எவ்வளவு பதிவு கொள்ளும் என்று சொல்லும் ஜிபி அளவைப் பார்த்து வாங்காதீர்கள். எம்பி3 கோப்பாக, 192 கேபிபிஎஸ் என்ற நல்ல தரத்தில் பதிந்தாலும் ஒரு மணி நேரம் 86 எம்பிதான். 4 ஜிபியிலேயே கிட்டத்தட்ட 40 மணி நேரம் அடங்கும். சோனி ஐசிடி-பிஎக்ஸ்470 போல கழற்றி மாற்றக்கூடிய சின்ன ஏஏஏ பற்றரி போடுவதாகப் பாருங்கள். உள்ளே பூட்டிய பற்றரி செத்தால் கருவியும் போச்சு.

வாங்கியதும் குரல் கேட்டால் மட்டும் பதியும் வசதியை நிறுத்திவிடுங்கள். நான் அதைக் கவனிக்காமல் பெரியம்மாவைப் பதிந்தேன். அவர் யோசித்துவிட்டுத் தொடங்கும் இடமெல்லாம் முதல் சொல் இல்லை. அவர் இப்போது இல்லை, அந்தச் சொற்களும் இல்லை.

விறாந்தையில் என்றால் மேசையில் வைக்க வேண்டாம், பாக்கு இடிக்கும் சத்தம் இடியாக விழும். பக்கத்துக் கதிரையில் துவாயை மடித்து, அதன்மேல் ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். ஃபானை நிறுத்துங்கள்.

அப்புறம், ரெக்கோடர் வரும்வரை காத்திருக்காதீர்கள். போனை ஏரோபிளேன் மோட்டில் போட்டு, வைஃபையையும் நிறுத்தி இன்றைக்கே பதியுங்கள், அழைப்பு வராது.