மீம் போட்டால் அங்கதம் ஆகிவிடுமா?

கேள்வி: இலக்கியத்தில் அங்கதம் என்கிறார்களே, அதற்கும் இன்றைய சினிமா காமெடி, மீம்களுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, ஆனால் எல்லா மீமுக்கும் இல்லை. முகத்தில் சிரிப்பே காட்டாமல் ஒருவரைப் பாராட்டிக்கொண்டே போய், அவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகு எரிகிற மாதிரி செய்வதுதான் என் கணக்கில் அங்கதம்.

புறநானூறு 95-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதியமானுக்காகத் தூது போன ஔவையாரிடம் தொண்டைமான் தன் படைக்கலங்களைக் காட்டுகிறான். ஔவை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. உன் ஆயுதமெல்லாம் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கிறது. அதியமானுடையதோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது. அவ்வளவுதான், தொண்டைமான் என்ன பதில் சொல்ல முடியும்? 1729-ல் ஜோனதன் ஸ்விஃப்ட், அயர்லாந்தின் வறுமை தீர ஏழைகள் தங்கள் குழந்தைகளைப் பணக்காரர் சாப்பாட்டுக்கு விற்கலாமே என்று விலை, எடை எல்லாம் கணக்குப் போட்டு, நாட்டுக்கு நல்லது சொல்லும் நிபுணர் தோரணையில் எழுதியதும் இதே குரல்தான்.

நம் சினிமாவில் என்றால் 2006-ல் வந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'. கட்டுமஸ்தான உடம்பில் தன் தலையை வைத்து ஓவியம் வரையச் சொல்வது வெறும் காமெடி. சாதிச் சண்டைக்கென்றே மைதானம் திறந்துவைப்பதுதான் விஷயம். அதே வடிவேலு முகத்தை வைத்து யாரோ ஒரு சாதாரண மனுஷனின் நிறத்தையோ இங்கிலீஷையோ ஓட்டுகிறார்களே, அதை இந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். அடி விழுவது ஏற்கெனவே கீழே கிடப்பவன் மேல்.

கோத்தகிரிப் பக்கம் எங்கள் சிறு தேயிலை விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில், பச்சைத் தேயிலை விலை இறங்கினால் புலம்பலும் திட்டுமாக வாய்ஸ் மெசேஜ் குவியும், யாரும் முழுசாகக் கேட்பதில்லை. ஒருநாள் யாரோ கல்யாண ஃபிளெக்ஸ் மாதிரி ரோஜா மாலை, கூப்பிய கை எல்லாம் வைத்து, 'கிலோவுக்கு ஐம்பது காசு ஏற்றித் தந்த கொடை வள்ளலே, எங்கள் ஏழேழு தலைமுறையும் கடன்பட்டது' என்று படம் அனுப்பினார். பெயர் கிடையாது, ஆனால் யாருக்கென்று எல்லோருக்கும் புரிந்தது. பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கு மட்டும் புரியவில்லை: "எந்த ஃபேக்டரி தம்பி? நாளைக்கே என் இலையையும் அங்கேயே போட்டுடறேன்."