கிரியாட்டினின் கூடியது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எங்கள் அப்பச்சிக்கு 61 வயது. 14 வருடமாகச் சர்க்கரை, பிரஷரும் உண்டு. மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு வேளை, கிளிமிபிரைடு 2 மி.கி., டெல்மிசார்டன் 40 மி.கி. சாப்பிடுகிறார். கிரியாட்டினின் 1.6, சிறுநீர் அல்புமின் 640 என்று வந்ததால், டாக்டர் டபாக்ளிஃப்ளோசின் 10 மி.கி. சேர்த்தார். மூன்று வாரத்தில் கிரியாட்டினின் 1.8 ஆகிவிட்டது. சிறுநீரில் சர்க்கரை நாலு பிளஸ். பயந்துபோய் நிறுத்திவிட்டோம். வாரம் ஒருமுறை போடும் புது ஊசி கிட்னியைக் காப்பாற்றும் என்கிறார்களே, அதற்கு மாறலாமா? தைப்பூசத்துக்குப் பழனி நடக்கவேண்டும் என்றும் பிடிவாதமாக இருக்கிறார்.
- வாசகி, தேவகோட்டை

பதில்: நீங்கள் பயந்தது புரிகிறது. ஆனால் நிறுத்தியிருக்க வேண்டாம். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இரண்டு ரிப்போர்ட்டையும் காட்டிவிட்டு, அதே மாத்திரையை மறுபடி தொடங்குவதுதான் அப்பச்சிக்கு நல்லது.

சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியாட்டினினை மட்டும் பார்க்காதீர்கள். வயதையும் சேர்த்துக் கணக்கிட்டு, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணைப் பாருங்கள். 61 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 1.6 என்றால் அது சுமார் 49, 1.8 என்றால் சுமார் 42. அதாவது ஏழில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இந்த மாத்திரையைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் 30 சதவீதம் வரை குறைவதை நாங்கள் எதிர்பார்த்தே கொடுக்கிறோம். அது சிறுநீரகம் கெடுவதால் வரும் சரிவு அல்ல.

ஏன் குறைகிறது என்பதற்கு உங்கள் ஊர் ஊருணியையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே வர வரத்துக்கால் இருக்கிறது, மிஞ்சியது வெளியேறக் கலுங்கு இருக்கிறது. வரத்து அகலமாகி, கலுங்கு குறுகிப்போனால் கரைமேல் அழுத்தம் ஏறும். கரை கசியும், ஒருநாள் உடையும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இப்படிச் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. சர்க்கரை நோயில், வடிகட்டியைத் தாண்டிய சர்க்கரையை அடுத்துள்ள குழாய் அளவுக்கு மீறி உள்ளே இழுக்கிறது. அந்த வேலையைச் செய்யும் புரதத்துக்கு எஸ்.ஜி.எல்.டி.2 என்று பெயர். அது சர்க்கரையோடு உப்பையும் சேர்த்தே இழுக்கும். கீழே இருக்கும் உணர்வுச் செல்களுக்கு உப்பு குறைவாகப் போய்ச் சேருவதால், வடிகட்டிக்கு ரத்தம் போதவில்லை என்று அவை தவறாக எண்ணி, உள்ளே வரும் ரத்தக்குழாயை விரித்துவிடுகின்றன. வரத்து கூடுகிறது, கரை கசிகிறது. அப்படிக் கசியும் புரதம்தான் ரிப்போர்ட்டில் வந்த 640 அல்புமின். 30-க்குள் இருக்கவேண்டியது அது. 300-ஐத் தாண்டினாலே கடுமையான கசிவு.

டபாக்ளிஃப்ளோசின் அந்தப் புரதத்தை அடைக்கிறது. உப்பு கீழே போகிறது, உணர்வுச் செல்கள் வரத்துக்காலைச் சுருக்குகின்றன. பிரஷர் மாத்திரையான டெல்மிசார்டன் மறுபக்கம் கலுங்கை, அதாவது வெளியேறும் ரத்தக்குழாயைத் திறந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் வடிகட்டிக்குள் அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் வடியும் அளவும் கொஞ்சம் இறங்கும், கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். நீண்டகாலச் சரிவை மெதுவாக்குவதற்குக் கொடுக்கும் விலை அது. சிறுநீரில் நாலு பிளஸ் சர்க்கரை வருவதும் மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே. இதைச் சாப்பிடும்வரை சிறுநீர் சர்க்கரைப் பரிசோதனைக்கு அர்த்தமே கிடையாது.

1835-ல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருள்தான் இந்த மருந்துக் குடும்பத்துக்கு மூதாதை. ஆனால் சிறுநீரகத்துக்கான உறுதியான சான்று 2019-க்குப் பிறகுதான் குவிந்தது. 2020-ல் வெளிவந்த டபா-சி.கே.டி. ஆய்வில் 4,304 பேர். சுமார் 2.4 வருடத்தில், இ.ஜி.எஃப்.ஆர். பாதியாகச் சரிவது, சிறுநீரகம் செயலிழப்பது, சிறுநீரக அல்லது இதய நோயால் இறப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்ற குழுவில் 14.5 சதவீதம், டபாக்ளிஃப்ளோசின் குழுவில் 9.2. அதாவது 19 பேருக்குக் கொடுத்தால் ஒருவர் தப்பிக்கிறார். மருத்துவத்தில் இது பெரிய பலன். ரத்தச் சர்க்கரை இதில் அதிகம் குறையவில்லையே என்று பிறகு கேட்காதீர்கள். இ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே வந்தால் சர்க்கரையைக் குறைக்கும் சக்தி மங்கிவிடும். சிறுநீரகக் காப்பு மங்காது. இந்தியாவில் 2020-ல் இதன் காப்புரிமை முடிந்ததால் விலையும் இப்போது எட்டும் அளவில் இருக்கிறது.

எப்போது உண்மையில் கவலைப்படவேண்டும்? அப்பச்சியின் கணக்கில், இ.ஜி.எஃப்.ஆர். 34-க்குக் கீழே போனால். அப்போதும் முதலில் தேடவேண்டியது வேறு காரணங்களை: வாந்திபேதியில் நீர் வற்றியதா, மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் விழுங்கினாரா, புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தேங்குகிறதா, சிறுநீரக ரத்தக்குழாயில் அடைப்பா. இன்னொன்று, பலர் கவனிக்காதது: முந்தின இரவு ஆட்டுக்கறிச் சுக்கா சாப்பிட்டுவிட்டு மறுநாள் ரத்தம் கொடுத்தால், வெந்த இறைச்சியாலேயே கிரியாட்டினின் சற்று ஏறிக் காட்டும். ஒரே லேபில், கறி சாப்பிடாத நாளுக்கு மறுநாள் காலை கொடுங்கள். அல்புமினுக்குக் காலை முதல் சிறுநீர். காய்ச்சல் இருந்தாலோ, சிறுநீர்க் கடுப்பு இருந்தாலோ தள்ளிப்போடுங்கள்.

இந்த மாத்திரைக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. சிறுநீர் இனிப்பாக இருப்பதால் ஆணுறுப்பின் முன்தோலில் பூஞ்சை வரலாம். ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்துக்கொண்டால் பெரும்பாலும் வராது. வந்தால் குளோட்ரிமசோல் களிம்பு போதும், மாத்திரையை நிறுத்தவேண்டியதில்லை. ஆனால் விதைப்பை, ஆசனவாய் பகுதியில் வலியும் வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

அதைவிட ஏமாற்றுவது கீட்டோ அமிலத்தன்மை. சாப்பிடாமல் கிடந்தால் உடம்பு கொழுப்பை எரித்து அமிலத்தைச் சேர்க்கும். குமட்டல், வயிற்றுவலி, மூச்சு இரைப்பு வரும். குளுக்கோமீட்டரில் 180தான் காட்டும். ‘சர்க்கரை நன்றாகத்தானே இருக்கிறது, கேஸ் தொந்தரவு’ என்று வீட்டில் வைத்திருப்பதுதான் ஆபத்து. அவசரச் சிகிச்சைப் பிரிவில் மாத்திரையின் பெயரைச் சொல்லி, ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல், நாள் முழுக்க விரதம் என்றால் டபாக்ளிஃப்ளோசினை அன்றே நிறுத்தவேண்டும். வாந்திபேதி என்றால் மெட்ஃபார்மினும் டெல்மிசார்டனும் சேர்ந்தே நிற்கவேண்டும். ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்து 24 முதல் 48 மணி நேரம் கழித்து மறுபடி தொடங்கலாம். அறுவை சிகிச்சைக்கு 3 நாள் முன்பே நிறுத்தவேண்டும்.

ஊசி விஷயம். நீங்கள் கேள்விப்பட்டது செமாக்ளுடைடு. 2024-ல் வந்த ஃப்ளோ ஆய்வில் வாரம் 1 மி.கி. ஊசி, சர்க்கரையோடு சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்குப் பெரிய பாதிப்புகளை 24 சதவீதம் குறைத்தது. நல்ல மருந்துதான். ஆனால் அது மாத்திரைக்கு மாற்று அல்ல, மேலே சேர்ப்பது. 0.25 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறைதான் ஏற்றவேண்டும். அவசரப்பட்டால் வாந்தியெடுத்து, நீர் வற்றி, சிறுநீரகமே அடிபடும். தொடங்குமுன் விழித்திரைப் பரிசோதனை அவசியம். இன்னொரு மருந்து ஃபினரெனோன். அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் தூண்டும் அழற்சியையும் தழும்பையும் அது தடுக்கிறது. பொட்டாசியம் 5-க்குள் இருந்தால் அப்பச்சியின் அளவுக்கு 10 மி.கி.யில் தொடங்கலாம், நான்கு வாரத்தில் பொட்டாசியத்தை மறுபடி பார்க்கவேண்டும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பிரஷர் இடம் கொடுத்தால் டெல்மிசார்டனை 80 ஆக்கலாமா? பாதி டோஸில் நின்றுகொண்டு புது ஊசியைத் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மெட்ஃபார்மின் இப்போதுள்ள 1,000 மி.கி.யே அவருக்கு உச்ச அளவு, அதற்கு மேல் வேண்டாம்.

சமையலறையில் உப்பு ஒன்றுதான் பெரிய விஷயம். நாளுக்கு மொத்தம் 5 கிராம், தட்டையாக ஒரு தேக்கரண்டி. உப்புக்கண்டம், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் நான்கும் ஒரே நாளில் இலைக்கு வரக்கூடாது. உப்பு கூடினால் டெல்மிசார்டனின் பலன் பாதியில் நின்றுவிடும். கடையில் விற்கும் ‘குறைந்த சோடியம்’ உப்பு வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. டெல்மிசார்டனோடு சேர்ந்தால் இதயத் துடிப்பையே குலைக்கும்.

இனி பழனி. கூடாது என்று சொல்லமாட்டேன். அவருக்கு அது எவ்வளவு பெரிது என்று தெரியும். ஆனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்க்கட்டும். பாத உணர்வை மோனோஃபிலமென்ட் என்ற மெல்லிய நைலான் இழை வைத்துச் சோதிக்கவேண்டும். உணர்வு குறைந்திருந்தால் வெறுங்காலோடு நடப்பதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். உணர்வு இருந்தாலும் தினமும் இரவு இரண்டு உள்ளங்காலையும் நீங்களோ கூட நடப்பவரோ விளக்கு வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். பல நாள் நடை, குறைந்த சாப்பாடு, வெயில் மூன்றும் சேர்வதால், குன்றக்குடியிலிருந்து புறப்பட 3 நாள் முன்பே டபாக்ளிஃப்ளோசினை நிறுத்துவது பாதுகாப்பு. சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைப்பதா, நிறுத்துவதா என்று டாக்டர் சொல்லட்டும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்த மாத்திரையின் தாழ்சர்க்கரை நீண்ட நேரம் நீடிக்கும். மடியில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, மறுபடி சோதிக்கவேண்டும். வழியில் கால்வலிக்கு யாராவது டைக்ளோஃபினாக் மாத்திரையோ ஊசியோ தந்தால் வேண்டாம் என்று சொல்லவேண்டும். நீர் வற்றிய உடம்பில் டெல்மிசார்டனும் வலிமருந்தும் சேர்ந்தால் இரண்டே நாளில் சிறுநீரகம் நின்றுபோகலாம். பாராசிட்டமால் 650 மி.கி., நாளுக்கு மூன்று வேளைவரை போதும்.

திரும்பி வந்த மறுநாளே லேபுக்கு ஓடவேண்டாம். நீண்ட நடைக்குப் பிறகு அல்புமினும் கிரியாட்டினினும் தானாகவே ஏறித்தான் இருக்கும். இரண்டு நாள் வழக்கம்போல் சாப்பிட்டதும் டபாக்ளிஃப்ளோசினைத் தொடங்கி, மூன்று வாரம் கழித்துக் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பாருங்கள். மூன்று மாதத்தில் அல்புமினைப் பாருங்கள். 640 என்பது 450-க்குக் கீழே வந்திருந்தால் மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.