கயிறு கட்டித் தாண்டியவர்

கேள்வி: பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறேன், 400 மீட்டர் ஓடுகிறேன். ஜெஸ்ஸி ஓவன்ஸ் மாதிரி கறுப்பின வீரர்களின் கதையைப் படித்தால் இரண்டு நாள் வேகம் வருகிறது, அப்புறம் பழையபடி மனம் அலைகிறது. அப்பா வேறு, "பொம்பளப் பிள்ளைக்கு ஓட்டம் எதுக்கு" என்கிறார். அவர்களிடமிருந்து நான் எதை எடுத்துக்கொள்வது?
- ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: ஜெயித்த நாளை மட்டும் படித்தால் அப்படித்தாம்மா ஆகும். ஆலிஸ் கோச்மன் பற்றிப் படியுங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் ஜெயித்தவர். ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் கறுப்பினப் பெண். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி ஊரில் வெள்ளைக்காரர்களின் மைதானத்துக்குள் அவரை விடமாட்டார்கள், அதனால் மண் ரோட்டில் வெறுங்காலோடு ஓடி, கயிற்றையும் குச்சியையும் கட்டித் தாண்டிப் பழகினார். அவர் அப்பாவுக்கும் இது பிடிக்கவில்லை.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. 1939-இலிருந்து வருஷம் தவறாமல் அவர்தான் தேசிய சாம்பியன், ஆனால் போரினால் 1940, 1944 ஒலிம்பிக் இரண்டுமே நடக்கவில்லை. அத்தனை வருஷமும் விடாமல் தாண்டிக்கொண்டே இருந்தார். லண்டனில் அவரும் இங்கிலாந்து வீராங்கனையும் தாண்டியது ஒரே உயரம், 1.68 மீட்டர், கோச்மன் முதல் முயற்சியிலேயே தாண்டியதால் தங்கம் அவருக்கு. ஊர் திரும்பினால், பாராட்டு விழாவில் கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் தனித்தனி இடம், மேயர் கைகூடக் குலுக்கவில்லை.

இதைக் காட்டி, "அவர் பட்டதைவிடவா நீ பட்டுட்ட" என்று யாராவது உங்கள் வாயை அடைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு நடந்தது அநியாயம், அதில் கொண்டாட ஒன்றுமில்லை. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கயிறு கட்டிய பழக்கத்தை. மெடலை நினைத்துக்கொண்டே ஓடினால் மனம் அலையத்தான் செய்யும். நாளைக் காலை கடைசி நூறு மீட்டரில் தோள் இறுகுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள், கோச்சிடமும் அதையே கேளுங்கள், அது சரியானதும் அடுத்ததைப் பார்க்கலாம்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையிலேயே விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள், தமிழக அரசு வேலையிலும் 3 சதவீதம் உண்டு. சான்றிதழ்களை ஒரு ஃபைலில் போட்டு அவர் முன்னால் வைத்துப் பேசுங்கள்.