பழைய மடிக்கணினிக்கு எந்த இயங்குதளம்?

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். 2017-இல் வாங்கிய மடிக்கணினியில் விண்டோஸ் 10 ஹோம் இருக்கிறது. புராசஸர் ஐ5-7200யு, ரேம் 4 ஜி.பி., ஹார்ட் டிஸ்க் 1 டி.பி. கட்டுரைகள் தட்டச்சு செய்வதும், வங்கிக் கணக்குப் பார்ப்பதும், வெளியூரில் இருக்கும் பேத்தியுடன் வீடியோவில் பேசுவதும்தான் என் வேலை. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வருகிறது. பழுதுபார்க்கும் கடைக்காரர், விண்டோஸ் 11 புரோ போட்டுத் தருவதாகவும் உரிமத்துக்குப் பணம் தேவையில்லை என்றும் சொல்கிறார். மகனோ புதிதாக வாங்கிவிடலாம் என்கிறான். எதைச் செய்வது? – ஒரு வாசகி, தென்காசி.

பதில்: கடைக்காரர் சொல்லும் வழி வேண்டவே வேண்டாம். புதிய கணினிக்கும் இப்போதைக்கு அவசரம் இல்லை.

உங்கள் புராசஸரின் பெயரில் சிறுகோட்டை அடுத்து வரும் 7 என்ற எண், அது இன்டெல்லின் ஏழாம் தலைமுறையைச் சேர்ந்தது என்பதைக் காட்டுகிறது. கோட்டுக்குப் பின் 10210யு என்பதுபோல் ஐந்து இலக்கங்கள் இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் பத்தாம் தலைமுறை என்று கொள்ள வேண்டும். 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான இன்டெல் புராசஸர்களையே ஏற்கிறது, அத்துடன் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், கணினி தொடங்கும்போது நம்பகமான நிரல்களை மட்டுமே அனுமதிக்கும் செக்யூர் பூட் வசதியும், குறைந்தது 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. இடமும் கேட்கிறது. மற்றவற்றில் உங்கள் கணினி தேறினாலும் புராசஸரில் தேறாது. இந்தச் சோதனையைத் தந்திரமாகத் தாண்டி விண்டோஸ் 11-ஐ நிறுவ முடியும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி நிறுவிய கணினிகளுக்கு அப்டேட்டுகள் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. பாதுகாப்பு அப்டேட்டுக்காகத்தான் இயங்குதளத்தையே மாற்றுகிறோம் என்னும்போது, அதுவே நிச்சயமில்லாத ஒன்றுக்கு மாறுவதில் என்ன பயன்?

உரிமத்துக்குப் பணம் வேண்டாம் என்பது இதைவிடக் கவலை தருகிறது. காசில்லாமல் ஆக்டிவேட் செய்வதற்குக் கடைகளில் பயன்படுத்தும் கிராக் நிரல்கள் ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுத்தான் பெரும்பாலும் ஓடுகின்றன. உள்ளே வேறு எதைச் சேர்த்து நிறுவுகின்றன என்பதைக் கடைக்காரரே அறியமாட்டார். வங்கிக் கடவுச்சொல் தட்டச்சு செய்யப்படும் கணினியில் அதற்கு இடம் கொடுக்கவே கூடாது. உங்கள் கணினியுடன் வந்த விண்டோஸ் 10-இன் உரிமம் நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது. அதை அழித்துவிட்டுக் கள்ளப் பதிப்புக்குப் போகாதீர்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆனாலும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளை நீட்டித்துத் தரும் இ.எஸ்.யு. என்ற திட்டம் இருக்கிறது. 30 டாலர் செலுத்தியும் சேரலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லாமலும் சேரலாம். அதற்கு விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் வின்வெர் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்தினால் பதிப்பின் எண் தெரியும். பிறகு செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் இந்தத் திட்டத்தில் சேர்வதற்கான இணைப்பு தென்படும்.

இந்த அவகாசத்தில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான ஓர் எஸ்.எஸ்.டி. போடச் சொல்லுங்கள், ரேமையும் 8 ஜி.பி. ஆக்குங்கள். கணினி மெதுவாக இயங்குகிறது என்று பலர் இயங்குதளத்தைப் பழிக்கிறார்கள். ஆனால் விண்டோஸ் 10 போன்ற ஒரு தளம் பின்னணியில் ஓயாமல் கோப்புகளைப் படித்தும் எழுதியும் கொண்டிருப்பதால், சுழலும் தட்டுள்ள பழைய டிஸ்க்கில் அது திணறத்தான் செய்யும்.

அவகாசம் முடிந்தபின் அதே கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்வதையே உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். எல்லோருக்கும் இதைச் சொல்லமாட்டேன்; உங்கள் மூன்று வேலைகளுக்கும் அது பொருந்துகிறது என்பதால் சொல்கிறேன். 2024-இல் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட்டுகள் உண்டு. இதில் மூன்று வகைகள் இருக்கின்றன: சினமன் பார்வைக்கு விண்டோஸை ஒத்தது, எக்ஸ்.எஃப்.சி.ஈ. எளியது, குறைந்த ரேமிலும் இலகுவாக ஓடும். மாட்டே இரண்டுக்கும் நடுவில் நிற்பது. 8 ஜி.பி. ரேம் போட்டுவிட்டால் சினமனையே தேர்ந்தெடுங்கள். தமிழ் 99, ஃபொனெட்டிக், பழைய தட்டச்சு முறை ஆகிய எல்லா விசைப்பலகைகளும் அதில் கிடைக்கின்றன. ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கட்டுரைகள் இருந்தால், விண்டோஸ் இருக்கும்போதே எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு அவற்றை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துரு கைவசம் இல்லாத கணினியில் அந்தக் கோப்புகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

நிறுவும் முன் மின்ட்டை ஒரு 8 ஜி.பி. பென்டிரைவில் ஏற்றி, டிஸ்க்கில் எதையும் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, கேமரா, மைக், பிரிண்டர் ஆகியவை வேலை செய்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும். பிரிண்டரைக் கட்டாயம் சோதியுங்கள். நம் ஊர்களில் பரவலாக இருக்கும் கேனன் எல்.பி.பி.2900 லினக்ஸில் எளிதில் இணங்காது. கணக்கு எழுத உதவும் டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள்களை நம்பிப் பிழைப்பவர்களும் விண்டோஸிலேயே இருப்பதுதான் நல்லது.

கேள்வி: வீட்டுக்குப் புதிய மடிக்கணினி வாங்கப்போகிறோம். விண்டோஸ் 11-இல் ஹோம் போதுமா, கூடுதல் பணம் கொடுத்துப் புரோ வாங்க வேண்டுமா? – ஒரு வாசகர், ஈரோடு.

பதில்: ஹோம் போதும். வேறோர் இடத்திலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் மூலம் இந்தக் கணினிக்குள் நுழைவது, அலுவலகக் கணினிகளை ஒரே நிர்வாகத்தின்கீழ் வைக்கும் டொமைனில் இணைப்பது, ஹைப்பர்-வி கொண்டு ஒரே கணினிக்குள் தனிக் கணினிபோல் ஓடும் மெய்நிகர் கணினிகளை இயக்குவது போன்றவற்றுக்குத்தான் புரோ தேவைப்படும். வேகத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. பின்னாளில் தேவைப்பட்டால், கோப்புகளை இழக்காமலே ஹோமிலிருந்து புரோவுக்கு மாறிக்கொள்ளவும் முடியும். விலைப்பட்டியலில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்று இருந்தால், விண்டோஸின் மெனுக்கள் ஒரு மொழியில் மட்டுமே தோன்றும் என்று பொருள். தமிழில் தட்டச்சு செய்ய அது தடையில்லை.

ஒன்றை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். புதிய கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது அதிலுள்ளவை பிறர் படிக்க முடியாதபடி பூட்டப்படுகின்றன. என்றாவது மதர்போர்டு மாற்ற நேர்ந்தால் 48 இலக்க ரெகவரி கீ ஒன்றை அது கேட்கும். அது இல்லாவிட்டால் குடும்பப் படங்கள் உட்பட எதையும் மீட்க முடியாது. கணினி வந்த அன்றே அந்தக் கணக்கில் நுழைந்து கீயைப் பார்த்துத் தாளில் எழுதி, பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.